மீட்டரக்கா அளக்காமல் விட்ட நான்கு

இடது கை முதலில் கோட்டுப் பைக்குள் போய்விடும். அதற்குப் பிறகுதான் வலது கை சுவிட்சுக்கு நகரும். மேசைமேல் இரண்டு செங்கல்லை ஒட்டவைத்த அளவில் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே தார் ஊற்றி அடைத்திருக்கும். இரு முனைகளிலும் வெள்ளைப் பீங்கான் கொம்புகள். சுவிட்சைப் போட்டதும் பெட்டி உறுமும். மூக்கைக் கீறுகிற ஒரு வாசனை எழும். கொம்புகளுக்கு நடுவே இப்போது பதினைந்தாயிரம் வோல்ட். ஒரு முழ நீளப் பிடி போட்ட கம்பியால் கொம்பைத் தொட்டு, மீட்டர் முள் நிற்கும் இடத்தைப் பார்த்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு அணைப்பார். பிறகு மிச்ச மின்சாரம் மண்ணுக்கு இறங்க, எர்த் கழியால் இரண்டு கொம்பையும் ஒரு தட்டு தட்டுவார். இடது கை வெளியே வரும். பேனாவைத் தேடும்.

எங்கள் தொழிற்கூடத்தில் எல்லோருக்கும் அவர் மீட்டரக்கா. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. கடைப் பலகைகளில் வளைந்து வளைந்து எரிகிற நியான் குழாய்களுக்கான டிரான்ஸ்பார்மர் செய்வது எங்கள் வேலை. கம்பி சுற்றுகிறவர்கள் ஆறு பேர், தார் ஊற்றுகிறவர்கள் இரண்டு பேர், அளந்து பார்க்கிறவர் ஒருவர். அனுப்புகைச் சீட்டு எழுதுகிறவன் நான். என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான். அவர் இங்கே அளந்த இருபத்தோரு வருடங்களில் கடைசி ஒன்பது வருடங்களை நான் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன்.

"ரெண்டு கையும் வெளிய இருந்தா கரண்டு ஒரு கையில ஏறி இன்னொரு கையில இறங்கும். நடுவுல என்ன இருக்கு? நெஞ்சு. அதான் ஒண்ணை உள்ள போட்டுப் பூட்டிடறது." இதை எனக்கு முதல் வாரமே சொன்னார். பழக்கம் வீட்டுக்கும் போய்விட்டது. அடுப்பில் கிண்டுவது, கதவு திறப்பது, பேருந்தில் சீட்டு வாங்குவது எல்லாம் ஒற்றைக் கைதான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவர் கணவர் சொல்வார்: "கட்டிக்கிட்ட புதுசுல இவளுக்கு இடது கை விளங்காதுன்னே நினைச்சேன். கேட்டா வருத்தப்படுவாளோன்னு ரெண்டு மாசம் கேக்கவே இல்ல."

உறவினர் வீட்டுக்குப் போனால் கைப்பையிலிருந்து டெஸ்டர் வெளியே வரும். உட்காரச் சொல்வதற்குள் சுவரில் இருக்கிற பிளக்குகளைப் பார்த்துவிடுவார். "இதுல எர்த் இல்ல. இந்த கிரைண்டர் ஒருநாள் உங்களைக் கடிச்சிடும்." நாத்தனாருக்கு இதில் தீராத மனக்குறை. "சாப்பிடக் கூப்பிட்டா வீட்டையே செக் பண்ணிட்டுப் போறா. சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல."

மின்சாரத்துக்கு அவர் அகராதியில் ஒரே வினைச்சொல்: கடிக்கும். கடிக்காமல் பார்த்துக்கொள்வது தன் வேலை.

ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு பரீட்சை. மின்சாரம் வெளியே கசியாமல் காப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று மெகர் என்கிற கருவியால் ஒன்று. திறந்த நிலையில் எத்தனை வோல்ட் என்று ஒன்று. மூன்றாவது ஷார்ட், வேறு எந்த டிரான்ஸ்பார்மருக்கும் செய்தால் புகைந்துபோகும்: இரண்டு கொம்பையும் மீட்டர் வழியாகச் சேர்த்துவிடுவது. நியான் பெட்டி புகையாது. முப்பது மில்லி ஆம்பியரை எட்டியதும், அதற்குமேல் தர மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றுவிடும். "எங்க மாமியார் மாதிரி. எவ்வளவு நெருக்கினாலும் கொடுக்கிறதைத்தான் கொடுக்கும்," என்பார். நான்காவது டிரிப். கம்பியிலிருந்து மின்சாரம் பலகையின் இரும்புச் சட்டத்துக்கு வழிந்தால், பெட்டிக்குள் இருக்கிற ஒரு சின்ன மின்னணு அட்டை அதை உணர்ந்து, கண் சிமிட்டுவதற்குள் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். எர்த்தோடு கட்டிய கழியால் கொம்பைத் தொட்டால் 'டக்' என்று ஒரு சத்தம், உறுமல் நிற்கும். மற்ற மூன்றும் விளக்கு எரிவதற்கான பரீட்சை. இது மனிதனுக்கான பரீட்சை. நான்கும் முடிந்த பிறகு பதிவேட்டில் எண்களை எழுதி, கடைசிக் கட்டத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

எங்களிடம் அடிக்கடி வருகிறவர் போர்டுக்காரர். பலகை மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். நெடுநெடுவென்று ஆள். ஏணி இல்லாமலே பாதிப் பலகைகளை எட்டிவிடுவார் என்று கேலி செய்வோம். பெட்டிகளை வேனில் ஏற்றுமுன் கண்ணாடித் தடுப்பைத் தாண்டித் தலையை நீட்டுவார்.

"அக்கா, கடிக்குமா?"

"டிரிப் பாத்தாச்சு. கடிக்க வாயைத் திறக்கும்போதே செத்துடும். எடுத்துட்டுப் போ."

இந்த இரண்டு வரிகளை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். அவர்களுக்குள் அது வணக்கம் சொல்வது மாதிரி.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு காலை போர்டுக்காரர் ஒரு மருந்துக்கடைப் பலகையைச் சரிபார்க்க ஏணியில் ஏறினார். பலகையின் ஒரு மூலை மினுக்கிக்கொண்டிருந்தது. மினுக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பலகை எரிந்துகொண்டுதான் இருக்க வேண்டும். அதனால் மெயினை அணைக்கவில்லை. கம்பியின் உறை எங்கோ விட்டுப்போய் இரும்புச் சட்டம் முழுவதும் மின்சாரம் இறங்கியிருந்தது. சட்டத்தைப் பிடித்த கை விடவில்லை என்று கடைக்காரர் சொன்னார். அதன் பிறகு பலகை தீப்பிடித்தது. தண்ணீர் அடித்து அணைத்தார்கள். போர்டுக்காரரை இறக்கியபோது உயிர் இல்லை.

செய்தி வந்தபோது மீட்டரக்கா ஒரு பெட்டியை அளந்துகொண்டிருந்தார். முதலாளி கண்ணாடித் தடுப்பைத் தட்டிச் சொன்னார். அக்கா சுவிட்சை அணைத்தார். கழியால் இரண்டு கொம்பையும் தட்டினார். பிறகு கேட்டது ஒன்றுதான்.

"நம்பர் என்ன?"

முதலாளிக்குப் புரியவில்லை. "எந்த நம்பரு?"

"பெட்டி நம்பரு."

நாற்பது என்று மறுநாள் தெரிந்தது. இரண்டு மாதம் முன்பு அனுப்பிய நாற்பத்திரண்டு பெட்டிகளில் நாற்பதாவது. விசாரணை அதிகாரி வந்து பதிவேட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தவன் நான். பக்கம் சுத்தமாக இருந்தது. நாற்பதாவது வரியிலும் எல்லா எண்களும் இருந்தன. கடைசிக் கட்டத்தில் 'சரி', கீழே கையெழுத்து. எரிந்த பெட்டியைச் சாக்கில் கொண்டுவந்திருந்தார்கள். உள்ளே இருந்த அட்டை கரிக்கட்டியாக இருந்தது. விபத்துக்கு முன்பு அது வேலை செய்ததா என்று சொல்லக்கூடிய மீட்டர் உலகத்தில் இல்லை. அதிகாரி பதிவேட்டை நகலெடுத்துக்கொண்டு, மெயினை அணைக்காமல் ஏறியதே காரணம் என்று எழுதிக்கொண்டார். முதலாளி என் தோளைத் தட்டினார். "நம்ம அக்கா எழுத்துதான் நம்மளைக் காப்பாத்துச்சு."

அன்று மதியம் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் என் மேசைக்கு வந்தார். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். உட்காரவில்லை.

"கடைசி நாலு நான் டிரிப் பாக்கல."

எனக்கு முதலில் உறைக்கவில்லை. எந்தக் கடைசி நாலு என்று கேட்டேன்.

"முப்பத்தொம்பது, நாப்பது, நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு. வோல்ட் பாத்தேன், ஷார்ட் பாத்தேன். டிரிப் பாக்கல. பாத்த மாதிரி எழுதிட்டேன்."

"ஏன்க்கா?"

"பல்லு." தாடையைத் தொட்டுக் காட்டினார். "மூணு நாளா வலி. நாலரை மணிக்குப் பல் டாக்டர் வரச் சொல்லியிருந்தார். விட்டா அடுத்த வாரம்தான். மணி நாலு ஆயிடுச்சு. வண்டி நிக்குதுன்னு யாரோ கத்தினாங்க. எழுதிட்டுக் கிளம்பிட்டேன்."

கத்தியது நான்தான். அவருக்கும் அது தெரியும். தெரிந்தே 'யாரோ' என்றார்.

"அவன் அன்னைக்கும் கேட்டான்," என்றார். "தலையை நீட்டி, கடிக்குமான்னு. வாயைத் திறக்க முடியல. தலையை மட்டும் ஆட்டினேன். இல்லன்னு ஆட்டினேன்." பிறகு, வேறு யாருடைய கதையோ சொல்வது போல: "ஒரு பல்லு. கடைவாய்ப் பல்லு. எடுத்துக் கையில கொடுத்தாங்க. குப்பையில போட்டேன்."

எனக்குத் தெரிந்த ஆறுதலை எல்லாம் சொன்னேன். அட்டை வேலை செய்தும் இருக்கலாம், சட்டத்துக்கு எர்த் சரியாக இல்லாமல் இருந்திருக்கலாம், போர்டுக்காரர் மெயினை அணைத்திருக்க வேண்டும். அக்கா பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "இருக்கலாம், இருக்கலாம்னு எழுதற கட்டம் என் நோட்டுல இல்ல," என்றார்.

மற்ற மூன்று பெட்டிகள் எங்கே மாட்டப்பட்டிருக்கின்றன என்று உத்தரவாத அட்டைகளைப் புரட்டிக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கழியும் மீட்டரும் மாற்றுப் பெட்டி ஒன்றுமாக இருவரும் கிளம்பினோம். முதலில் ஒரு டயர் கடை. அக்கா ஏணியில் ஏறி, இடது கையைப் பைக்குள் விட்டு, கழியை நீட்டினார். 'டக்'. பலகை அணைந்தது. ஏணியின் உச்சியில் நின்றபடி நீண்ட மூச்சு விட்டார். அடுத்தது ஒரு ரொட்டிக்கடை. கடைக்காரருக்குச் சந்தேகம். "எரியுதேம்மா. எரியறதைப் போய் என்ன பாக்கறது?" அங்கேயும் 'டக்'. அக்கா முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ரத்தம் ஓடியது. கடைக்காரர் கொடுத்த பன்னில் பாதியைத் தின்றார். மீதியை எனக்குக் கொடுத்தார். "ரெண்டு சரியா இருக்கு தம்பி. ரெண்டு சரி."

மூன்றாவது ஒரு தங்கும் விடுதி. கழி கொம்பைத் தொட்டது. உறுமல் நிற்கவில்லை. கழியை எடுத்து மறுபடி தொட்டார். சிவப்பு எழுத்துகள் லேசாக மங்கின, அணையவில்லை. மூன்றாவது முறை தொட்டபோது நான் கீழிருந்து, "போதும்க்கா," என்றேன். மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியை மாற்றினார். புதியதைச் சோதித்தார். 'டக்'. இறங்கி வரும்போது கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். விடுதி வாசலில் பெட்டி படுக்கையோடு நின்றவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பல், நான்கு பெட்டி, விடுதி, எதையும் விடவில்லை. முதலாளி கெட்டவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, அது மாசக்கணக்கா வெயில்ல காஞ்சு மழையில நனைஞ்சிருக்கு. அதுக்கப்புறம் கெட்டிருக்கும். இங்கிருந்து போகும்போது நல்லாத்தான் போயிருக்கு. அதான் நீ எழுதியிருக்கியே!"

"நான் எழுதினது பொய் சார்."

"அதை இன்னொரு தடவை சொல்லாதே. பத்துக் குடும்பம் இங்க சாப்பிடுது."

வேலையை விட்டுவிடுகிறேன் என்றார் அக்கா. அதற்கும் முதலாளி சம்மதிக்கவில்லை. விசாரணை நடந்த கையோடு அளக்கிற ஆள் மாறினால் ஊர் என்ன நினைக்கும் என்று கேட்டார். அக்கா அடுத்த நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரியிடம் போனார். துணைக்கு என்னை அழைத்தார், போனேன். அதிகாரி முழுவதையும் கேட்டார். ஒரு வரி எழுதவில்லை.

"கோப்பை மூடியாச்சும்மா. நீங்க கையெழுத்துப் போட்டது 'சரி'ன்னு. இப்ப வந்து அது தப்புன்னு சொல்றீங்க. அட்டையோ எரிஞ்சு போச்சு. எதை வெச்சு நான் திறக்கிறது?"

"என்னை வெச்சு."

அதிகாரி மணியடித்து எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டு வெளியே வந்தோம். தண்டனை கேட்டுப் போன இடத்தில் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். வெயிலில் நின்றபோதுதான் அக்கா என்னிடம் சொன்னார்: "அவன் வீட்டுக்காரம்மாகிட்ட போகணும்."

போர்டுக்காரரின் மனைவி ஒரு சந்தின் முனையில் துணி தேய்த்துக் கொடுக்கிறவர். இரண்டு பக்கமும் மடித்த துணிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நான் வாசலோடு நின்றுகொண்டேன். அக்கா யார் என்று சொல்வதற்குள் அந்த அம்மாவே, "மீட்டரக்காவா?" என்றார். "அவர் சொல்லியிருக்கார். நீங்க பாத்துட்டா போதும், கண்ணை மூடிட்டுக் கையை வைப்பேன்னு சொல்வார்."

அக்கா உட்காரவில்லை. அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல், தானாகவே பேசிக்கொண்டு போனார்.

"நான்தான் அவசரப்படுத்தினேன். அன்னைக்கு மதியம் என் அண்ணன் வீட்டுக்குப் போறதா இருந்தோம். சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்கன்னு ரெண்டு தடவை போன் பண்ணேன். அதான் மெயினைக் கூட அணைக்காம ஏறியிருக்கார். எங்க அண்ணனே சொல்லிட்டாரு, 'உன் வாய் சும்மா இருந்திருக்கலாம்'னு."

"நீங்க இல்ல," என்றார் அக்கா. "நீங்க காரணம் இல்லம்மா." பிறகு சொன்னார். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, முதலாளியிடம் சொன்னதைவிட மெதுவாக. பல் என்று சொன்னது வாசலில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். "பல்லு வலின்னு போயிட்டேன்."

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். தேய்த்துக்கொண்டிருந்த சட்டையைத் திருப்பிப் போட்டார். காலரை நீவினார். நான் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன், அழுகையோ, வசவோ. அக்காவும் அதற்குத்தான் தயாராக, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து நின்றார் என்று நினைக்கிறேன்.

"இதை எதுக்கு என்கிட்ட சொன்னீங்க?" என்றார் அந்த அம்மா. கோபமே இல்லாத குரல். "இத்தனை நாளா என்மேலயே கோவப்பட்டுக்கிட்டு இருந்தேன். அது பழகிப்போச்சு. இனிமே உங்க மேலயும் கோவப்படணுமா? எனக்குத் தெம்பு இல்ல."

"என்னைத் திட்டுங்க," என்றார் அக்கா.

"தெம்பு இல்லன்னேனே."

சட்டையை மடித்து அடுக்கில் வைத்தார். அடுத்ததை எடுத்து உதறினார். விடைபெறுகிறவர்களிடம் யாராக இருந்தாலும் "போயிட்டு வாங்க" என்பார்கள். அந்த அம்மா "போங்க" என்று மட்டும் சொன்னார்.

அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. மீட்டரக்கா எங்களோடுதான் இருக்கிறார். முன்பு நாளுக்கு நாற்பது பெட்டி பார்த்தவர் இப்போது பதினைந்து பார்க்கிறார். ஒவ்வொன்றுக்கும் டிரிப் மூன்று முறை. முதலாளி வாய் திறப்பதில்லை. இன்னொரு மேசை போட்டு, அளக்க இன்னொருவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அவர் வேகமாகப் பார்க்கிறார். அவர் பார்த்து முடித்ததையும் அக்கா சில நாள் திரும்ப எடுத்துப் பார்க்கிறார். எல்லாம் சரியாகவே இருக்கின்றன. சரியாக இருப்பது அவருக்கு எந்த விதத்திலும் உதவுவதாகத் தெரியவில்லை.

மாமியார் கேலி நின்றுபோயிற்று. உறவினர் வீடுகளுக்கும் போவதில்லை. நாத்தனாரே ஒருமுறை வந்து, "அண்ணி, எங்க வீட்டு கிரைண்டரை ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயேன்," என்று கூப்பிட்டாராம். "வேற யாரையாவது கூப்பிட்டுப் பாத்துக்கோ, என்னை நம்பாதே," என்றாராம் அக்கா. கணவர் ஒருநாள் என்னை வேனில் ஏற்றிக்கொண்டு போகையில் சொன்னார்: "முன்னாடியெல்லாம் வீட்டுக்குள்ள கால் வெச்சதும் ஏதாவது ஒண்ணுக்கு என்னைத் திட்டுவா. செருப்பை ஏன் இங்க விட்டே, விசிறியை ஏன் அணைக்கலன்னு. இப்ப திட்டறதே இல்ல. நான் வேணும்னே விசிறியைப் போட்டுட்டுப் போறேன். அவ பாட்டுக்கு வந்து அணைச்சிட்டுப் போறா." சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடிக்கும்வரை அவர் வண்டியை எடுக்கவில்லை.

விடுதியிலிருந்து கழற்றிவந்த பெட்டி அக்கா மேசைக்கு அடியில் இருக்கிறது. அதை உடைத்து அட்டையை ஆராய்ந்தால், பிறப்பிலேயே கோளாறா, மழையில் கெட்டதா என்று ஒருவேளை தெரியலாம். உடைக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "பிறவிக் கோளாறுன்னு வந்தா என்னால தாங்க முடியாது. மழையில கெட்டதுன்னு வந்தா நம்ப முடியாது. விடு," என்றார்.

போன வாரம் புதிய பலகைக்காரர் ஒருவர் வந்தார். தலை நரைத்தவர், சிரித்த முகம். மூன்று பெட்டி வேண்டும் என்றார். அக்கா மூன்றையும் அவர் எதிரிலேயே சோதித்தார். ஒவ்வொன்றும் மூன்று முறை 'டக்' என்றது. பதிவேட்டில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். இரண்டு பெட்டிகளை நான் எடுத்து அவரிடம் கொடுத்தேன்; ஒவ்வொன்றாக வேனில் வைத்துவிட்டு வந்தார். மூன்றாவதை அக்காவே மேசையிலிருந்து தூக்கி நீட்டினார். அவர் மறுபக்கம் பிடித்துக்கொண்டார்.

"வரேன்க்கா," என்று இழுத்தார்.

பெட்டி வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். பிறகு சிரித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. பெட்டியின் இரும்பு விளிம்பைச் சுற்றி அக்காவின் பத்து விரல்களும் இறுகி வெளுத்திருந்தன.